மூன்று காலில் திரும்பும் கார்

முன்சக்கர இயக்கக் காரை வளைவில் வேகமாகத் திருப்பினால், ஒரு கட்டத்துக்கு மேல் அது ஸ்டீரிங் சொல்வதைக் கேட்காது. ஸ்டீரிங்கை இன்னும் எவ்வளவு ஒடித்தாலும் கார் வளைவின் வெளிப்பக்கமாகவே ஒதுங்கும். முன் டயர்கள் கிறீச்சிடும். வேகம் தானாகக் குறையும்வரை ஓட்டுநர் காத்திருக்க வேண்டியதுதான். இதற்குப் பெயர் அண்டர்ஸ்டீர். இதற்கு நேர்மாறாக, பின்பக்கம் வழுக்கி வெளியே வீசி, கார் தேவைக்கு மேல் திரும்பிவிடுவது ஓவர்ஸ்டீர். இரண்டுக்கும் நடுவே, நான்கு டயர்களும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தங்கள் பிடிப்பின் எல்லையைத் தொடும்படி காரை அமைப்பதைத்தான் பந்தயக்காரர்கள் ‘பேலன்ஸ்’ என்கிறார்கள்.

சாலைக் கார்களைத் தயாரிப்பவர்கள் அவற்றை வேண்டுமென்றேதான் அண்டர்ஸ்டீர் பக்கம் சாய்த்து வடிவமைக்கிறார்கள். வளைவில் பயந்துபோன ஒருவர் இயல்பாகச் செய்யும் காரியங்கள் இரண்டு: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், ஸ்டீரிங்கை மேலும் ஒடிப்பார். முன்பக்கம் வழுக்கும் காரில் இவை ஓரளவு காப்பாற்றும். பின்பக்கம் வழுக்கும் காரில் இதே காரியங்கள் காரைச் சுழற்றிவிடும். குடும்பத்தோடு மழையில் ஊருக்குப் போகிறவருக்குத் தொழிற்சாலையின் ஏற்பாடுதான் சரி. பந்தயத் தடத்திலோ ஒவ்வொரு வளைவிலும் அது நேரத்தைத் தின்கிறது.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில் ஓடிய ஃபியட்டும் ஹெரால்டும் பின்சக்கர இயக்கக் கார்கள். 1983இல் மாருதி 800 வந்த பிறகு நிலைமை மாறியது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தியாவில் கார் பந்தயத்துக்கு வந்த பலருக்கும் முதல் வாகனம் எஸ்டீம், ஸ்விஃப்ட், போலோ போன்ற முன்சக்கர இயக்கக் கார்தான். கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும், மண் மைதானங்களில் கூம்புகளை நட்டு நடத்தப்படும் ஆட்டோகிராஸ் போட்டிகளிலும் இன்று சொந்தக் காரைக் கொண்டுவரும் ஒருவர் முதலில் முட்டிக்கொள்வது அண்டர்ஸ்டீரோடுதான். பெரும்பாலானவர்கள் உடனே எஞ்சினுக்குப் பணம் செலவழிக்கிறார்கள். அதே பணத்தில் ஒரு பகுதியை டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் ஒதுக்கினால் லேப் நேரம் அதைவிட அதிகமாகக் குறையும்.

பிரச்சினையின் வேர் எடையில் இருக்கிறது. எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எல்லாம் முன் அச்சைச் சுற்றியே குவிந்திருப்பதால் காரின் மொத்த எடையில் 60 முதல் 65 சதவீதம் முன் டயர்கள் மேல் விழுகிறது. பின் சீட்டையும் ஸ்டெப்னியையும் கழற்றி எடையைக் குறைப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அவை பின்பக்க எடை. அவற்றை எடுத்ததும் கார் இலகுவாகும், ஆனால் முன்பக்கத்தின் பங்கு இன்னும் கூடும். இந்தச் சுமையோடு முன் டயர்கள் மூன்று வேலை பார்க்க வேண்டும். காரை இழுக்க வேண்டும், திருப்ப வேண்டும், பிரேக் போடும்போது பெரும்பகுதி விசையைத் தாங்க வேண்டும். ஒரே சம்பளத்தில் மூன்று வீட்டுச் செலவு மாதிரிதான். இழுப்பதற்குச் செலவான பிடிப்பு திருப்புவதற்குக் கிடைக்காது.

இதோடு டயரின் இயல்பு ஒன்றும் சேர்கிறது. பேலன்ஸ் பற்றிய எல்லாக் கணக்குக்கும் அதுதான் அடிப்படை. டயர் மேல் சுமை கூடினால் பிடிப்பும் கூடும். ஆனால் சுமை கூடும் விகிதத்தில் கூடாது. கணக்குக்காக ஒரு டயரை எடுத்துக்கொள்வோம். 150 கிலோ சுமையில் அது சுமையைப்போல் 1.1 மடங்கு, அதாவது 165 கிலோ பக்கவாட்டு விசை தரும். 300 கிலோவில் 1.0 மடங்கு, 300 கிலோ தரும். 450 கிலோவில் 0.9 மடங்கு, 405 கிலோதான் தரும். ஓர் அச்சில் இரண்டு டயரும் 300 கிலோ வீதம் சுமந்தால் மொத்தப் பிடிப்பு 600. அதே 600 கிலோ, 150க்கும் 450க்கும் எனப் பிரிந்தால் மொத்தப் பிடிப்பு 570 ஆகக் குறைகிறது. வளைவில் கார் சாயும்போது உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்குச் சுமை மாறுவதால் அந்த அச்சு பிடிப்பை இழக்கிறது. சுமை அதிகமாக மாற மாற இழப்பும் கூடும்.

மொத்தம் எவ்வளவு சுமை மாறும் என்பதை ஸ்பிரிங் தீர்மானிப்பதில்லை. எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளைவின் வேகம் ஆகியவைதான் தீர்மானிக்கின்றன. 1000 கிலோ எடையுள்ள கார், அரை மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையம், 1.45 மீட்டர் அகலம், 0.9 ஜி அளவில் (ஜி என்பது ஈர்ப்பு முடுக்கம்) திரும்பல் என்று வைத்தால் சுமார் 310 கிலோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும். எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் இந்த 310 குறையாது. ஆனால் அதில் எத்தனை கிலோ முன் அச்சு வழியாகப் போகும், எத்தனை கிலோ பின் அச்சு வழியாகப் போகும் என்பதை மாற்ற முடியும். எந்த அச்சு சாய்வை அதிக விறைப்போடு எதிர்க்கிறதோ அந்த அச்சு அதிகப் பங்கை ஏற்கும்.

அந்த 1000 கிலோவில் 620 முன்னால், 380 பின்னால். சாதாரண அமைப்பில் மாறும் சுமையில் 60 சதவீதத்தை முன் அச்சு ஏற்கிறது என்று கொள்வோம். முன் வெளிப்பக்க டயரில் 496 கிலோ, உள்பக்கத்தில் 124. மேலே சொன்ன டயரின் கணக்குப்படி முன் அச்சின் பிடிப்பு சுமார் 570 கிலோ. தாங்க வேண்டிய எடை 620. அதாவது 0.92 ஜி அளவில் முன்பக்கம் கைவிட்டுவிடும். அதே நேரத்தில் பின் அச்சின் பிடிப்பு 387. அதன் எடை 380தான். பின்பக்கத்துக்கு எல்லை 1.02 ஜி. பின் டயர்களில் பிடிப்பு மிச்சம் இருக்கிறது. முன் டயர்கள் திணறுவதால் அந்த மிச்சம் யாருக்கும் பயன்படவில்லை. அண்டர்ஸ்டீரை எண்ணில் எழுதினால் இதுதான்.

இப்போது பின் அச்சை விறைப்பாக்கி, 60 சதவீதத்தை அதன் தலையில் ஏற்றினால் என்ன ஆகும்? முன் வெளிப்பக்கச் சுமை 434 ஆகக் குறையும். முன் அச்சின் பிடிப்பு 595 ஆக உயரும். பின் அச்சின் பிடிப்பு 362 ஆக இறங்கும். எடையோடு ஒப்பிட்டால் முன்னால் 0.96, பின்னால் 0.95. இரண்டும் கிட்டத்தட்ட சமம். நிஜ டயர்கள் இவ்வளவு நேர்கோட்டில் நடந்துகொள்வதில்லை. ஆனாலும் திசை இதுதான். முன்பக்கத்துக்குப் பிடிப்பை எங்கிருந்தோ கொண்டுவரவில்லை. பின்பக்கம் சும்மா வைத்திருந்ததில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்ததால் முன்பக்கத்தின் பாரம் குறைந்திருக்கிறது.

இந்தக் கணக்கில் இன்னொரு காட்சி ஒளிந்திருக்கிறது. பின் டயர் ஒவ்வொன்றும் நின்ற நிலையில் 190 கிலோ சுமக்கிறது. 310இல் 60 சதவீதம் 186. அப்படியென்றால் வளைவில் பின் உள்பக்க டயரில் எஞ்சுவது வெறும் 4 கிலோ. இன்னும் சற்று வேகம் போனால் அந்தச் சக்கரம் தரையைவிட்டு எழும். 1976இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, 1984இல் வந்த பெஷோ 205 ஜிடிஐ ஆகியவற்றின் பந்தயப் படங்களில் ஒரு பின்சக்கரம் அந்தரத்தில் நிற்பதைப் பார்க்கலாம். பார்ப்பவர்களுக்கு விபத்து மாதிரி தெரியும். உண்மையில் அது வேண்டிச் செய்த அமைப்பின் அடையாளம். ஆனால் சக்கரம் எழுந்த நொடியிலிருந்து பின் அச்சுக்கு ஏற்க எதுவும் மிச்சமில்லை. அதற்குமேல் மாறும் ஒவ்வொரு கிலோவும் முன் அச்சு வழியாகத்தான் போகும். சக்கரம் ஏற்கெனவே உயரமாகத் தூக்கும் காரில் பின்பக்கத்தை மேலும் விறைப்பாக்கிப் பெரிய பலன் இல்லாததன் காரணம் இதுதான்.

கணக்கு இப்படியிருந்தாலும் வேலையைப் பின் ஆன்டி-ரோல் பாரிலிருந்து, அதாவது சாய்வை எதிர்க்கும் கம்பியிலிருந்து, தொடங்குவது தவறு. முதலில் டயர், அதிலும் முதலில் காற்று.

30 டிகிரி வெயிலில் 30 பிஎஸ்ஐ அடைத்த டயருக்குள் காற்று 80 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் 37ஐத் தாண்டும். எனவே பந்தயத்தில் பேச்சு எப்போதும் சூடான அழுத்தத்தைப் பற்றித்தான். நான்கைந்து லேப் முழு வேகத்தில் ஓடி, பிட்டுக்குள் வந்ததும் எஞ்சினை அணைப்பதற்கு முன்பே உதவியாளர் கேஜை வால்வில் வைக்க வேண்டும்; இரண்டு நிமிடம் தாமதித்தால் எண் இறங்கத் தொடங்கிவிடும். நான்கு டயரின் அளவும் நோட்டில் ஏற வேண்டும். வலது வளைவுகள் அதிகமுள்ள தடத்தில் இடப்பக்க டயர்கள் கூடுதலாகச் சூடாகும்; அவற்றை ஓட்டத்துக்கு முன் சற்றுக் குறைவாக அடைத்தால்தான் சூட்டில் இரு பக்கமும் சமமாகும்.

அழுத்தம் சரியா என்று பார்க்க மிக மலிவான கருவி சாக்பீஸ். டயரின் தரை படும் பகுதியும் பக்கச் சுவரும் சேரும் தோள்பட்டையில், மூன்று இடங்களில் குறுக்காகக் கோடு போட வேண்டும். பல டயர்களின் தோள்பட்டையில் சிறிய முக்கோணக் குறி ஒன்று அச்சாகியிருக்கும். ஓடிவிட்டு வந்து பார்த்தால் சாக்பீஸ் எதுவரை அழிந்திருக்கிறது என்று தெரியும். முக்கோணத்தின் முனை வரை அழிந்திருந்தால் டயர் சரியாக நிற்கிறது. அதைத் தாண்டிப் பக்கச் சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடங்கி உருள்கிறது. காற்று போதாது, அல்லது கேம்பர் எனப்படும் சக்கரச் சாய்வு போதாது. முக்கோணத்தை எட்டவே இல்லையென்றால் காற்று அதிகம். முன்சக்கர இயக்கக் காரில் முன்னும் பின்னும் இந்தக் கோடு வெவ்வேறு கதை சொல்லும். முன்னது சுவர் வரை தேய்ந்து கிடக்க, பின்னது ஓரம்கூட அழியாமல் இருக்கும்.

அழுத்தத்தை வைத்தே பேலன்ஸைக் கொஞ்சம் நகர்த்தலாம். முன் டயரைச் சரியான அளவில் வைத்துவிட்டு, பின் டயரில் 2 முதல் 4 பிஎஸ்ஐ கூட்டினால் பின்பக்கம் தளர்ந்து, கார் திரும்ப விரும்பும். காசு செலவில்லை, இரண்டு நிமிட வேலை, பிடிக்காவிட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்பலாம். ஒரே நாளில் போட்டி முடியும் ஆட்டோகிராஸில் பெரும்பாலும் இதுவே போதும். ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. இந்த வகைக் காரில் பின் டயர்களுக்கு வேலை குறைவு என்பதால் அவை மெதுவாகத்தான் சூடாகும். முன் டயர் சூடேறிப் பிடிக்கத் தொடங்கியிருக்கும். பின்னது இன்னும் குளிர்ந்து கிடக்கும். முதல் லேப்பிலேயே கார் சுழன்று புல்லில் போய் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

அடுத்தது கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம். சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்தால் அது நெகட்டிவ் கேம்பர். இந்த வகைக் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு கொண்டது. மலிவானது, இடம் அடைக்காதது; ஆனால் கார் சாயும்போது சக்கரமும் கூடவே சாய்ந்துவிடும். நேராக நிற்கையில் கச்சிதமாக உட்கார்ந்திருந்த டயர், வளைவில் வெளிவிளிம்பில் மட்டும் நின்று திணறும். முன் டயரின் வெளித்தோள் மட்டும் மொட்டையாகி, உள்பக்கம் புதுசு போலவே இருப்பது இதன் அடையாளம். சாலைக் காரில் ஏறக்குறைய பூஜ்யத்திலிருந்து 1 டிகிரி வரை இருக்கும் நெகட்டிவ் கேம்பரைத் தடத்துக்காக 2.5, 3, சில டயர்களுக்கு 3.5 டிகிரி வரை கொண்டுபோவார்கள். ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டை மாற்றும் கேம்பர் போல்ட், மேலே பொருத்தும் கேம்பர் பிளேட் ஆகியவை இதற்கான வழிகள்.

முன்பக்கத்தில் உண்மையிலேயே பிடிப்பைக் கூட்டும் மாற்றம் இது ஒன்றுதான் என்று சொல்லலாம். மற்ற பலவும் பின்பக்கத்திலிருந்து எடுத்துத் தருபவை. கேம்பர் முன் டயரின் முழு அகலத்தையும் தரையில் வைக்கிறது. அதனால் ஸ்பிரிங், பார் எதையும் தொடுவதற்கு முன் இதை முடிப்பதே முறை. எவ்வளவு போதும் என்பதை டயரின் வெப்பம் சொல்லும். ஊசி முனையுள்ள வெப்பமானியை ரப்பருக்குள் குத்தி, உள்ளே, நடுவே, வெளியே என மூன்று இடத்தில் பார்க்க வேண்டும். உள்விளிம்பு வெளிவிளிம்பைவிட 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தால் சரியான இடத்தை நெருங்கிவிட்டது. நடு மட்டும் சூடாக இருந்தால் காற்று அதிகம். கேஸ்டர் கோணத்தை, அதாவது பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஸ்டீரிங் அச்சு பின்னோக்கிச் சாயும் அளவை, கூட்ட வழியிருந்தால் அதுவும் நல்லது. ஸ்டீரிங்கை ஒடிக்கும்போது வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் கூடுதல் நெகட்டிவ் கேம்பரை அது கொடுக்கும். ஸ்டீரிங் சற்றுக் கனக்கும், அவ்வளவுதான்.

டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. முன்சக்கரங்களை மொத்தம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வெளிநோக்கி வைத்தால் வளைவுக்குள் கார் சட்டென்று நுழையும். தடத்தில் அலைன்மென்ட் கடை கிடையாது. ஆனால் நான்கு ஸ்டாண்டும் மீன்பிடி நரம்பும் ஒரு ஸ்டீல் ஸ்கேலும் இருந்தால் போதும். காரின் இரு பக்கமும் ஹப்பின் உயரத்தில் நரம்பை இழுத்துக் கட்டி, இரண்டு நரம்பும் ஒன்றுக்கொன்று இணையாகவும் காருக்கு நடுவாகவும் வரும்படி சரிசெய்து, ரிம்மின் முன்விளிம்பிலிருந்தும் பின்விளிம்பிலிருந்தும் நரம்புக்கு உள்ள தூரத்தை அளந்தால் வித்தியாசம்தான் டோ. அரை மில்லிமீட்டர் வரை இதில் பிடிக்கலாம். ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

பின் டோ இன்னும் கூர்மையான ஆயுதம். பின்சக்கரங்களைச் சற்றே வெளிநோக்கி வைத்தால் கார் மூக்கைத் திருப்பியதும் வால் தானாகச் சுற்றி வரும். இரு பின்சக்கரங்களையும் ஒரே குறுக்குத் தண்டால் இணைக்கும் டார்ஷன் பீம் அமைப்புள்ள கார்களில் சக்கர அச்சுக்கும் பீமுக்கும் இடையே ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்து இதைச் செய்யலாம். குறுகிய வளைவுகள் மட்டுமே உள்ள ஆட்டோகிராஸில் இது பலன் தரும். நீண்ட நேர்பாதையின் முடிவில் 150 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போடும் இடத்தில் அதே டோ வாலை ஆட்டும். புதியவர் பின் டோவைப் பூஜ்யத்துக்கு மேல் வெளிநோக்கிக் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

காரைத் தாழ்த்துவது எல்லோருக்கும் பிடித்த வேலை. தவறும் இதில்தான் அதிகம். ஈர்ப்பு மையம் இறங்கினால் மாறும் சுமை குறையும் என்பது உண்மை. ஆனால் மெக்பெர்சன் அமைப்பில் சக்கரத்தைக் கீழிருந்து காரின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்ம் கிடைமட்டத்துக்குக் கீழே போய், சக்கரப் பக்கம் உயர்ந்தும் உடல் பக்கம் தாழ்ந்தும் நிற்கும் அளவுக்கு இறக்கிவிட்டால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். விளைவு, தாழ்த்திய கார் முன்பைவிட அதிகமாகச் சாய முயலும். ஷாக் அப்சார்பர் போய் ரப்பர் ஸ்டாப்பில் முட்டினால் அந்த மூலை திடீரென்று கல்லாகிவிடும்; முன்பக்கத்தில் அப்படி ஆனால் அண்டர்ஸ்டீர்தான். பார்க்க அழகாக இருக்கும் உயரமும் வேகமாக ஓடும் உயரமும் ஒன்றல்ல. லோயர் ஆர்ம் கிடைமட்டமாக நிற்கும் இடத்தோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

இத்தனைக்குப் பிறகுதான் பின் ஆன்டி-ரோல் பார். இது முறுக்கத்தை எதிர்க்கும் கம்பி. இரு பக்கமும் ஒன்றாக ஏறி இறங்கும்போது வேலை செய்யாது, கார் சாயும்போது மட்டும் எதிர்க்கும். அதனால் மேடு பள்ளத்தில் ஸ்பிரிங்கின் மென்மையைக் கெடுக்காமல் சாய்வை மட்டும் விறைப்பாக்கலாம். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படியில் ஏறும். 18 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 20 மில்லிமீட்டர் போட்டால் விறைப்பு 52 சதவீதம் கூடும். கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. டார்ஷன் பீம் கார்களில் பீமே ஒரு பாரின் வேலையைச் செய்கிறது. பலவற்றில் தனி பார் இருப்பதில்லை, போல்ட் போட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நுனியில் இரண்டு மூன்று துளைகள் உள்ள பாராக வாங்குவது புத்திசாலித்தனம்; பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்கைத் துளை மாற்றிப் பொருத்தினால் விறைப்பு மாறும். பின் ஸ்பிரிங்கை மாற்றுவதும் இதே திசையில் இன்னொரு வழி. சாலைக் கார்களுக்கு மாறாக, முன்சக்கர இயக்கப் பந்தயக் காரில் பின் ஸ்பிரிங் முன்னதைவிடக் கடினமாக இருப்பது சாதாரணம்.

முன் பாரைக் கழற்றினால் முன்பக்கத்துக்குப் பிடிப்பு கூடுமே என்ற கேள்வி எப்போதும் எழும். சுமைக் கணக்குப்படி கூடத்தான் வேண்டும். உள்பக்கச் சக்கரமும் வீணாகச் சுழலாமல் இழுக்கும். ஆனால் பார் போனதும் கார் அதிகம் சாயும், சாய்ந்தால் கேம்பர் போகும். கேம்பர் பிளேட் போட அனுமதியுள்ள காரில் முன் பாரை மென்மையாக்கலாம். அனுமதி இல்லாத வகுப்பில், சிலர் எதிர்த்திசையில் முன் பாரைத் தடிமனாக்கி, கேம்பரைக் காப்பாற்றி வேகம் எடுக்கிறார்கள். இரண்டும் அந்தந்தக் காருக்குச் சரியே.

ஷாக் அப்சார்பர் நிலையான வளைவில் பேலன்ஸை மாற்றாது. வளைவுக்குள் நுழையும் நொடியிலும் வெளியேறும் நொடியிலும் சுமை எவ்வளவு சீக்கிரம் இடம் மாறுகிறது என்பதை மட்டும் அது ஆளும். டிஃபரன்ஷியல் அப்படியல்ல. சாதாரண டிஃபரன்ஷியலில் சுமை குறைந்த உள்பக்க முன்சக்கரம் சுழன்றுவிட்டால் வெளிப்பக்கத்துக்கும் இழுவிசை கிடைக்காது. வளைவின் முடிவில் எஞ்சின் உறுமும், கார் நகராது. லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இதைத் தீர்க்கும். விலை அதிகம், பல வகுப்புகளில் அனுமதியும் இல்லை. பின் பாரை விறைப்பாக்கினால் முன் உள்பக்கச் சக்கரத்தில் சுமை கூடும் என்பதை மேலே பார்த்தோம். 124 கிலோவாக இருந்தது 186 ஆனது. அதனால் அது ஏழையின் லிமிடெட் ஸ்லிப்பாகவும் வேலை செய்கிறது.

மாற்றுவதற்கு முன், எந்த இடத்தில் குறை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நுழைவில் கார் திரும்பவில்லையா, நடுவிலா, வெளியேறும்போதா? நுழைவில் என்றால் முதல் சந்தேகம் ஓட்டுநர் மேல். பிரேக்கை நேர்ப்பாதையிலேயே முழுக்க விட்டுவிட்டுத் திருப்பினால் முன் டயரிலிருந்து சுமை போய்விடும். பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே திருப்பினால் சுமை முன்னால் நிற்கும், மூக்கு உள்ளே வரும். நடுவில் வருவது பாரும் ஸ்பிரிங்கும் கேம்பரும் தீர்க்க வேண்டிய அண்டர்ஸ்டீர். வெளியேறும்போது மட்டும் வருவது ஆக்சிலரேட்டரை அவசரப்பட்டு மிதிப்பதாலோ, டிஃபரன்ஷியலாலோ. இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். டயர் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் இடையில் உள்ளது சறுக்குக் கோணம்; சாலை ரேடியல் டயர் சுமார் 6 முதல் 10 டிகிரி சறுக்குக் கோணத்தில்தான் உச்சப் பிடிப்பைத் தரும். அதற்குமேல் ஸ்டீரிங்கை ஒடிப்பது பிடிப்பைக் குறைக்கும். திரும்பாத காரில் ஸ்டீரிங்கைச் சற்றுத் தளர்த்தினால் அது திரும்பத் தொடங்குவது இதனால்.

பின்பக்கம் இலகுவாக அமைந்த காரில் வளைவின் நடுவே காலைச் சட்டென்று எடுத்தால் வால் வீசும். இதை ஆபத்தாகவும் பார்க்கலாம், கருவியாகவும் பயன்படுத்தலாம். 1960களில் சாப் 96 ஓட்டிய சுவீடன் வீரர் எரிக் கார்ல்சனும், மினி ஓட்டிய ஃபின்லாந்து வீரர்கள் ரௌனோ ஆல்ட்டோனென், டிமோ மாக்கினென் ஆகியோரும் இடதுகாலால் பிரேக் போடும் முறையில் கைதேர்ந்தவர்கள். வலதுகால் ஆக்சிலரேட்டரை விடாமலிருக்க, இடதுகால் பிரேக்கை அழுத்தும். முன்சக்கரங்களை எஞ்சின் இழுத்துக்கொண்டே இருப்பதால் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களையே பிடிக்கும். வால் சுற்றும், மூக்கு உள்ளே போகும். கார்ல்சன் 1962, 1963 ஆண்டுகளின் மான்டே கார்லோ ராலியை வென்றார். மினி 1964, 1965, 1967 ஆண்டுகளில் வென்றது. வால் வீசிவிட்டால் செய்ய வேண்டியது எதிர்த்திசையில் ஸ்டீரிங்கை ஒடித்து, ஆக்சிலரேட்டரை மிதிப்பது. இழுக்கும் சக்கரங்கள் முன்னால் இருப்பதால் அவை காரை நேராக்கிவிடும். பயத்தில் பிரேக்கை மிதித்தால் சுழற்சி நிச்சயம்.

சோதிக்கப் பெரிய தடம் வேண்டியதில்லை. அனுமதி பெற்ற, மூடிய, அகலமான மைதானத்தில் 30 மீட்டர் ஆரத்தில் கூம்புகளால் ஒரு வட்டம் அமைத்தால் போதும். அதைச் சுற்றிச் சீராக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் 0.9 ஜி அளவில் வேகம் 60 கிலோமீட்டரைச் சற்றே எட்டாமல் நிற்கும். ஒரு சுற்றுக்குச் சுமார் 11.6 வினாடி. வேகம் கூடக் கூட ஸ்டீரிங்கை இன்னும் இன்னும் ஒடிக்க வேண்டியிருந்தால் அண்டர்ஸ்டீர். காலை எடுத்ததும் மூக்கு மெல்ல உள்ளே வந்தால் நல்ல அறிகுறி. வால் பாய்ந்தால் போதும் என்று அர்த்தம். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம். மாற்றிய பிறகு நேரம் குறைந்தால் மகிழ்ந்துவிடாமல், பழைய அமைப்புக்குத் திரும்பி மறுபடி ஓடிப் பார்க்க வேண்டும். டயர் சூடேறியதாலோ ஓட்டுநருக்குக் கை பழகியதாலோ வந்த முன்னேற்றம் அப்போது பிரிந்து தெரியும். இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்து வேகம் கூடியவர், எதனால் கூடியது என்று அறியாமல் அடுத்த தடத்தில் தடுமாறுவார்.

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் இந்த ஏற்பாடு மொத்தமும் திரும்பிப் பார்க்கப்பட வேண்டும். ஈரத் தரையில் கார் குறைவாகவே சாயும், பின் டயர் சூடாகவே ஆகாது. வெயிலில் சமநிலையாக இருந்த கார் மழையில் வாலை வீசும். பின் பாரின் ஒரு பக்க லிங்கைக் கழற்றிவிடுவது ஐந்து நிமிட வேலை. பின் டயரில் கூட்டிய காற்றைக் குறைத்து, பின் டோவைப் பூஜ்யத்துக்கோ சற்று உள்நோக்கியோ கொண்டுவந்தால் கார் மறுபடி நம்பத்தக்கதாகும்.

அதே காரில் வீடு திரும்புகிறவர்களுக்கும் இதே வேலை பொருந்தும். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் வாசலில் இருப்பது சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை. அங்கே வளைவில் எதிர்பாராமல் லாரி நிற்கும், ஓட்டுநர் காலை எடுப்பார். கேட்டைத் தாண்டுவதற்கு முன் நான்கு டயரிலும் கார்க் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி காற்று நிரப்பி, பின் பாரை மென்மையான துளைக்கு மாற்றி, வீல் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் காரை எடுக்க வேண்டும்.